அச்சு அசல்

மார்ச் 4

வாயாடிக்கு,

உன் தம்பி வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். "எங்க தம்பி வீட்டுக்கே போயிடறேன்" என்று அன்று நீ சொன்னாய். சொன்னபடி செய்துவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் நீ இங்கே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஹாலில் பல்ப் மாற்ற ஏறியிருந்தேன் அல்லவா, ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன். தலையின் வலப்பக்கம் அடி. ஆபரேஷன் செய்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் உன்னுடையது. புருவத்தில் உன் தழும்பு. கண்ணாடியின் ஒரு காதில் நீ சுற்றிவைத்த நூல்கூட இருந்தது. ஆனால் நீ இல்லை.

இருபத்தாறு வருஷமாக பேங்கில் கையெழுத்து சரிபார்க்கிறவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்: அசல் கையெழுத்து ஒருநாளும் ஒன்றுபோல் இருக்காது. அவசரத்தில் ஒரு சுழி குறையும், சோம்பலில் ஒரு வால் நீளும். போலிதான் பிசகாமல் இருக்கும். இந்த அம்மா பிசகாமல் இருக்கிறார். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் தருகிறார். காலையில் உன் பையை மாட்டிக்கொண்டு உன் பள்ளிக்கே வேலைக்குப் போகிறார். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. நான் 'நீங்க' என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப்போகிறது. முன்பின் தெரியாத பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

போன வாரம் போனில் உன் குரல் வந்தது. "மாத்திரை போட்டீங்களா, வர்றப்போ பிரெட் வாங்கிட்டு வரட்டுமா" என்றாய். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். "இதோ, அரை மணி நேரத்துல" என்றாய். அரை மணி கழித்துக் கதவைத் திறந்தால் பிரெட்டோடு அந்த அம்மா நிற்கிறார். நாம் பேசுவதை அவர் எப்படியோ கேட்கிறார். இனி போனைத் தொடமாட்டேன். அவர் பள்ளிக்குப் போன பிறகு தெருமுனைப் பெட்டியில் இதைப் போடுகிறேன்.

அன்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. தெரியும். கோபம் தீர்ந்தால் ஒரு வரி எழுது.

பூதக்கண்ணாடி

---

மார்ச் 9

பூதக்கண்ணாடி அவர்களுக்கு,

தம்பி உங்கள் கடிதத்தை அப்படியே வேறு உறையில் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறான். "அக்கா, மாமா உனக்கு எழுதியிருக்காரு. படிச்சிட்டு அழாதே" என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அழவில்லை. மூன்று தடவை படித்தேன்.

நான் எங்கும் போகவில்லை. இதை நம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்கிறீர்கள். முடித்ததும் உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். வாயால் சொல்லி நீங்கள் நம்பவில்லை. எழுத்தைத்தானே நம்புவீர்கள்?

டாக்டரம்மா எனக்குப் படம் போட்டு விளக்கினார். ஒரு முகத்தைப் பார்த்தால் தலைக்குள் இரண்டு வேலை நடக்குமாம். இது யார் என்று அடையாளம் சொல்வது ஒன்று. நம்ம ஆள் என்று நெஞ்சில் ஒரு சூடு வருவது இன்னொன்று. அடிபட்டதில் உங்களுக்கு முதலாவது தப்பித்துவிட்டது, இரண்டாவது அறுந்துவிட்டது. முகம் சரியாக இருக்கிறது, சூடு வரவில்லை. ஆகவே இது அவள் இல்லை, அவள் வேஷத்தில் வேறு யாரோ என்று மூளை தானாக ஒரு கதை கட்டிக்கொள்கிறது. குரலுக்கு வழி வேறாம். அது அறுபடவில்லை. அதனால்தான் போனில் நான் வாயாடி, வாசலில் யாரோ ஒரு அம்மா. இதற்குக் காப்கிரா நோய்க்குறி என்று பெயர். உலகத்தில் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. "பைத்தியம்னு நினைச்சிடாதீங்க, பொய் சொல்றார்னும் நினைச்சிடாதீங்க. அவர் பார்க்கிறது அப்படித்தான்" என்றார்.

நான் உயிரோடு உங்களுக்குப் பத்தடி தூரத்தில் இருக்கிறேன். கதவைத் திறங்கள்.

வாயாடி

---

மார்ச் 11

வாயாடிக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது.

என் அறைக் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் வந்தது, உன் கையெழுத்தில். லென்ஸை எடுத்து வைத்து ஒரு முழுக் காலை பார்த்தேன். உன் 'ழ'வின் வால், 'ண'வில் நீ விடும் இடைவெளி, எல்லாம் இருக்கிறது. இரண்டு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. மனிதர்கள் அப்படி எழுதமாட்டார்கள். உன் பழைய கடிதங்களை வைத்துப் பழகியிருக்கிறார்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? கோளாறு என் தலையில்தானாம். அவர்தான் நீயாம். திருடன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சொந்தக்காரனைப் பார்த்து நீ யார் என்று கேட்பது போல் இருக்கிறது.

உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அவர்கள் ஏதாவது செய்துவிட்டார்களா? உயிரோடு இருந்தால் அந்த ஊரிலிருந்து எழுது. தபால் முத்திரை பார்த்துத்தான் உறையைப் பிரிப்பேன். அதுவரை கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலி போட்டிருக்கிறேன். அவர் தரும் மாத்திரையையும் சாப்பாட்டையும் தொடவில்லை. இன்றோடு இரண்டு நாள், கடையில் வாங்கிய பிரெட்தான்.

பூதக்கண்ணாடி

---

மார்ச் 17

பூதக்கண்ணாடிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். தம்பி வீட்டில் மாடி அறையில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு லாரி ஷெட் தெரிகிறது.

அந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியும். உங்களைப் பார்த்துக்கொள்ள நான்தான் ஏற்பாடு செய்தேன். அவர் தரும் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். மாத்திரையைப் போடுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு நான் பொறுப்பு.

இப்போதைக்கு வர முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள். எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

வாயாடி

---

மார்ச் 21

என் வாயாடிக்கு,

முத்திரையைப் பார்த்தேன், பிறகு எழுத்தைப் பார்த்தேன். 'மாத்திரை' என்று எழுதி அடித்து மறுபடி எழுதியிருக்கிறாய். கடைசி வரி கோணலாக இறங்குகிறது. காகிதத்தின் ஓரத்தில் ஏதோ ஈரம் பட்டுக் காய்ந்திருக்கிறது. இது அசல். எத்தனை நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

உடனே நாற்காலியை எடுத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். அந்த அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு திரும்பாமல் நின்றார். தோள் குலுங்கியது. என்ன கஷ்டமோ பாவம்.

இப்போது சொல்லிவிடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும்.

உன் தம்பி ஊர்க் கிளைப் பள்ளியில் ஆய்வகப் பொறுப்பாளர் வேலைக்கு உன்னைக் கேட்டு டிசம்பரில் வந்த கடிதம் முதலில் என் கையில்தான் கிடைத்தது. 'விருப்பமில்லை' என்று நான்தான் டைப் அடித்தேன். கீழே உன் கையெழுத்தை நான்தான் போட்டேன். ஒரே தடவையில் வந்துவிட்டது. பழகிப்பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு காசோலையில் இப்படிப் போட்டவனைப் பிடித்துக் கொடுத்து நான் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் காகிதத்தை அலுவலகத்தில் பார்த்துவிட்டு வந்து "இது யார் போட்ட கையெழுத்து" என்று நீ கேட்டபோது, ஏணிமேல் நின்றுகொண்டு பல்பைத் திருகுவதுபோல் நடித்தேன்.

நீ போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சே இருக்காது. நான் பேசுகிறவன் இல்லை. உன் பேச்சில் ஓசியில் வாழ்ந்துகொண்டிருந்தேன். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் கையெழுத்துத் திருடினேன்.

மன்னித்துவிடு.

உன் பூதக்கண்ணாடி

---

மார்ச் 26
(அனுப்பாதது)

உங்களுக்கு,

இதை அனுப்பப் போவதில்லை. எழுதி, பள்ளி ஆய்வக அலமாரியில் ஆசிட் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். அங்கே யாரும் கை நுழைக்கமாட்டார்கள்.

நான் எழுதும் கடிதங்கள் தம்பிக்குப் போய், அவன் ஊர் முத்திரை வாங்கிக்கொண்டு உங்களிடம் திரும்பி வருகின்றன. நேற்று நீங்கள் என் அடுத்த உறையைப் பிரித்தபோது நான் பக்கத்தில்தான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க வீட்டுலயும் உங்களைத் தேடுவாங்க இல்லையா" என்று மரியாதையாகக் கேட்டீர்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நீங்கள் 'மன்னித்துவிடு' என்று சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டீர்கள். என்னிடம் இல்லை, அவளிடம். தம்பி வீட்டு மாடியில் லாரி ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவளிடம். அந்த மாடி அறையை எழுத்தில் நானேதான் கட்டினேன், ஜன்னலையும் நானேதான் வைத்தேன். ஆனாலும் அவள்மேல் எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு எரிகிறது. அவளுக்கு அவ்வளவு எழுதுகிறவர் எனக்கு உப்பு கேட்கக்கூடத் தயங்குகிறார்.

டாக்டரம்மா, "அவர் ஏதாவது எழுதறாரா, யாருக்காவது கடிதம் போடறாரா? இருந்தா எனக்குக் காட்டணும்" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். காட்டினால் கடிதம் நின்றுவிடும். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று கேட்டார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொன்னேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

அதோடு ஒன்று. நேற்றுப் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். அவள் எப்படிச் சிரிப்பாள் என்று யோசித்து யோசித்துச் சிரித்தேன். எதுவும் சரியாக வரவில்லை. ஒரு கணம் நீங்கள் சொல்வது சரியோ என்று தோன்றியது.

இன்னும் ஒன்று. அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். நீங்கள் பதில் சொல்லாமல் பல்பைத் திருகினீர்கள். ஏணி ஆடுகிறது என்று தெரியும். தெரிந்துதான் கையை எடுத்தேன்.

---

ஏப்ரல் 2, செவ்வாய்

வாயாடிக்கு,

நிலைமை மோசமாகிறது. உன்னையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

அந்த அம்மா உன் சிரிப்பைப் பழகுகிறார். பாத்ரூம் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சிரிக்கிறார், நிறுத்துகிறார், வேறு மாதிரி சிரிக்கிறார். சத்தம் போடாமல் என் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்து விஷயம் எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். ஒன்று, அவர் நம் கடிதங்களைப் படிக்கிறார். அல்லது உன்னிடமிருந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார். முழுவதும் எடுத்து முடித்ததும் நீ எதற்கு?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹாலில் இன்னும் பல்ப் போடவில்லை. நாளை மறுநாள் வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும், எனக்குத் தலை சுற்றுகிறது, நீங்கள் ஏறிப் போடுங்கள், ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்வேன். அவருடைய உயிருக்கு ஒன்றும் ஆகாது, அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள், ரத்தம் பார்ப்பார்கள். உன் இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்து கூடிய இடம் இருக்கிறது, அவருக்கு இருக்காது. அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கவலைப்படாதே. எல்லாம் முடிந்ததும் நீ வரலாம்.

பூதக்கண்ணாடி

---

ஏப்ரல் 7, ஞாயிறு

உங்களுக்கு,

இதைத் தம்பிக்கு அனுப்பவில்லை. உங்கள் கையிலேயே தரப்போகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நீங்கள் செவ்வாய்க்கிழமை எழுதிய கடிதம் தம்பி ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் என்னிடம் வந்தது. அதற்குள் வியாழக்கிழமை போய்விட்டது.

வியாழனன்று எனக்கு ஒன்றும் தெரியாது. "தலை சுத்துதுங்க, நீங்க ஏறிப் போட்டுட முடியுமா? நான் பிடிச்சுக்கறேன்" என்றீர்கள். நீங்களாக என்னிடம் கேட்ட முதல் உதவி. சந்தோஷமாக ஏறினேன். நான்காவது படியில் நின்று கையைத் தூக்கியபோது ஏணி லேசாக ஆடியது. அன்று நீங்கள் நின்ற அதே படி. எனக்கு அப்போதுதான் அந்த உயரம் புரிந்தது.

கீழே பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு ஏணியை நான்தான் விட்டேன். ஆடுதுன்னு தெரிஞ்சேதான் விட்டேன். விழணும்னு நினைக்கல. ஆனா விட்டேன்."

ஏணி நின்றுவிட்டது. ஆணி அடித்ததுபோல் நின்றது. கீழேயிருந்து உங்கள் குரல் வந்தது.

"வாயாடி? நீ எப்போ வந்தே?"

"இப்பத்தான்" என்றேன்.

"மேலே என்ன பண்றே? பார்த்து நில்லு. நான் பிடிச்சிருக்கேன்."

"விட்டுடமாட்டீங்களே?"

"சேச்சே. நான் எதுக்கு விடறேன்?" என்று சொல்லிக்கொண்டே அழுதீர்கள். கன்னத்தை என் கணுக்காலில் வைத்துக்கொண்டீர்கள். பேங்க், டாக்டர், தம்பி, எல்லாம் பேசினோம். நான் கூரையைப் பார்த்தே பேசினேன். முகத்தைக் காட்டினால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று தெரிந்துவிட்டது. கழுத்து மரத்துப்போனது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இறங்க மனசே வரவில்லை.

ஆனால் ஏணியிலேயே குடித்தனம் நடத்த முடியாதே. இறங்கித் திரும்பினேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தீர்கள். அதன் பிறகு கூரையைப் பார்த்தீர்கள். "அவ எங்கே போயிட்டா" என்று கேட்டீர்கள். "என்ன பண்ணினீங்க அவளை?"

உங்கள் கடிதத்தை நேற்றுப் படித்த பிறகுதான், நீங்கள் எதற்கு ஏணியைப் பிடித்திருந்தீர்கள் என்று தெரிந்தது. விடுவதற்காகப் பிடித்தவர் விடவில்லை. விடக்கூடாதவள் நான் விட்டேன்.

இத்தனை நாள் உங்களுக்கு எழுதியது நான்தான், இந்தச் சமையலறையிலிருந்து. பொய் சொன்னேன். முதலில் நீங்கள் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். பிறகு என் ஆசைக்காகச் சொன்னேன். எல்லாக் கடிதத்தையும் டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இதை முன்னாடியே காட்டியிருந்தா மருந்தை மாத்தியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

நாளைக் காலையில் உங்களை அவருடைய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். உள்ளே எழுத விடுவார்களாம்.

---

ஜூன் 12

உனக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பேனா தருகிறார்கள், ஆனால் மாலையில் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

புது மருந்து கேட்கிறது. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார், நீ மார்ச்சில் எழுதியதைத்தான். அன்று படித்தபோது மிரட்டல் மாதிரி இருந்தது, இப்போது பாடம் மாதிரி இருக்கிறது. தலைக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இறங்க நாளாகிறது. நீ வந்து உட்கார்ந்ததும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு பேசச் சொல்கிறார். குரல் வந்து நன்றாக உட்கார்ந்த பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும். போன செவ்வாய் திறந்தபோது நீ இருந்தாய். வெள்ளிக்கிழமை திறந்தபோது இல்லை. ஆனால் இல்லாதவரிடம் நான் சண்டை போடவில்லை. "கொஞ்சம் இருங்க, வந்துடுவா" என்றேன். நீ சிரித்துவிட்டாய். சரியாகச் சிரித்தாய்.

ஏணியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். கணக்குத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன், அப்படியெல்லாம் தீராது. ஆனால் எனக்குக் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

உன் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அந்த விருப்பமில்லைக் கடிதத்தில் இருப்பது என் மனைவி கையெழுத்து இல்லை, நான் போட்டது என்று எழுதி, கீழே என் சொந்தக் கையெழுத்தைப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

பூதக்கண்ணாடி

---

ஜூலை 20

பூதக்கண்ணாடிக்கு,

இந்தத் தடவை முத்திரை நிஜம். வேலையில் சேர்ந்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. தலைமையாசிரியை உங்கள் கடிதத்தை என்னிடம் காட்டி, "உங்க வீட்டுக்காரர் இவ்வளவு நேர்மையா" என்றார். நேர்மை கொஞ்சம் லேட்டாக வரும் என்றேன்.

தம்பி வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தேன். லாரி ஷெட் இல்லை, ஒரு வெற்று மதில்தான். உங்களுக்கு அன்று எழுதியதை நானே நம்பியிருக்கிறேன் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் ஷெட்டைத் தேடினேன்.

நீங்கள் வீடு திரும்பித் தனியாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் மாத்திரை தவறக்கூடாது. சனிக்கிழமைதோறும் வருகிறேன். வாசலில் மணி அடிப்பதற்கு முன் குரல் கொடுக்கிறேன்.

வாயாடி

---

ஆகஸ்ட் 27

வாயாடிக்கு,

நாலு சனிக்கிழமையும் நீயாகத்தான் வந்தாய். கதவைத் திறந்ததும் நெஞ்சில் அந்தச் சூடு வந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இனிமே மாசம் ஒரு தடவை வந்தா போதும்" என்றார். பேங்கில் நானே கேட்டு லாக்கர் பிரிவுக்கு மாறிவிட்டேன். கையெழுத்து பார்க்கிற வேலை இனி எனக்கு வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதே. டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த அம்மா ஞாபகம் வருகிறது. அவர் நீதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வருகிறது. உன்னை நினைத்தால் நீ வருகிறாய், அவரை நினைத்தால் அவர் தனியாக வருகிறார். திருடி என்று நினைத்த ஒருவனுக்கு இரண்டு மாதம் மூன்று வேளையும் சாப்பாடு போட்டார். அடுப்பைப் பார்த்து நின்று, திரும்பாமல் அழுதார். பத்து நாளுக்கு மேல் நான் கதவுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அடியில் நிழல் தெரிந்தது. எனக்காக ஒருவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவரிடம் கேட்கவே இல்லை. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை. சமையலறைக்குள் போகும்போது, அங்கே நிற்பாரோ என்று இன்னும் ஒரு கணம் தயங்குகிறேன். இல்லாதபோது ஏமாற்றமாக இருக்கிறது.

அவரை எங்காவது பார்த்தால் சொல்லிவிடு.

பூதக்கண்ணாடி

---

ஆகஸ்ட் 29

உங்களுக்கு,

சொல்லிவிட்டேன். கடிதத்தைப் படிக்கவும் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சனிக்கிழமை நான் வரவில்லை. அவர் வருகிறார். குரல் கொடுக்கமாட்டார், மணிதான் அடிப்பார். கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்று சொல்லுங்கள்.